அரசுக் கடனும் பத்திரிகைச் சுதந்திரமும்: கடலூர்–புதுச்சேரி பேருந்தில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வேலை புதுச்சேரியில், கணக்கு எழுதும் வேலை. தினமும் இரண்டுக்கும் எல்லையில் இருக்கிற முள்ளோடையைத் தாண்டிப் போய் வருகிறேன். தெரிந்த நாலு பேருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிக் கொடுத்தேன், அது நாற்பது ஆனது, இப்போது பேருந்தில் ஏறினாலே யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதே சந்தேகங்களைக் கேட்கிறார். சரி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

அரசாங்கம் கடன் வாங்கினா எனக்கு என்னக்கா? நானா கையெழுத்து போட்டேன்?

கையெழுத்து நீங்கள் போடவில்லை, ஆனால் கட்டுவது உங்கள் காசு. சோப்பு வாங்குகிறீர்கள், பெட்ரோல் போடுகிறீர்கள், மனை பத்திரம் பதிகிறீர்கள், எல்லாவற்றிலும் வரி போகிறது. தமிழ்நாட்டின் 2025-26 பட்ஜெட்டில் பார்த்தால், வருவாயாக வரும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் இருபது ரூபாய்க்கு மேல் பழைய கடனின் வட்டிக்கே போய்விடுகிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சாலை எல்லாம் மிச்சத்தில்தான். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இடம் காலியாகக் கிடப்பதற்கும் இந்த வட்டிக்கும் தொடர்பு உண்டு.

தலைக்கு இத்தனை லட்சம் கடன்னு போஸ்டர் ஒட்டுறாங்களே, நாளைக்கு வீட்டுக்கு நோட்டீஸ் வருமா?

வராது, பயப்படாதீர்கள். 2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தமிழ்நாட்டு நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டார். அப்போது சொன்ன கணக்குதான் ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் என்பது. மொத்தக் கடனைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அந்தத் தொகை வரும், அவ்வளவுதான்.

அந்த எண் நம்மைத் திரும்பிப் பார்க்க வைக்கும், ஆனால் கட்ட முடியுமா முடியாதா என்று சொல்லாது. ஐந்து லட்சம் கடன் இருக்கிற இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள், ஒருவருக்கு மாதச் சம்பளம் 60,000, இன்னொருவருக்கு 12,000. இரண்டும் ஒரே கடனா? அதனால்தான் கடனை மாநிலத்தின் மொத்த உற்பத்தி மதிப்போடு சேர்த்துப் பார்ப்பார்கள். 2026 மார்ச் முடிவில் தமிழ்நாட்டின் கடன் 9,29,959 கோடி ரூபாயாக இருக்கும் என்று 2025-26 பட்ஜெட்டில் மதிப்பிட்டிருந்தார்கள், அது மாநில உற்பத்தியில் 26.07 சதவீதம். போஸ்டரில் முதல் எண்ணை மட்டும் போடுகிறவர், இரண்டாவது எண்ணை மட்டும் சொல்கிற அமைச்சர், இருவரையுமே நான் பாதிதான் நம்புவேன்.

கடன் வாங்குறதே தப்பா அப்போ?

இல்லை. வீடு கட்டக் கடன் வாங்குவதும் மளிகைக் கடை பாக்கிக்குக் கடன் வாங்குவதும் வேறு வேறு என்று நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அரசாங்கத்துக்கும் அதே கணக்குதான். பாலம், துறைமுகம், மின் நிலையம் கட்டக் கடன் வாங்கினால் அது பிறகு வருமானமாகத் திரும்பி வரலாம். சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி போன்ற அன்றாடச் செலவுக்கே வருமானம் போதாமல் போனால் அதற்குப் பெயர் வருவாய்ப் பற்றாக்குறை. 2025-26க்கு அது 41,635 கோடி என்று மதிப்பிட்டிருந்தார்கள். மொத்தக் கடனைவிட இந்த வரிதான் எனக்குக் கவலை தருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வருடம் வாங்கத் திட்டமிட்ட கடன் 1,62,096 கோடி, பழைய கடனில் திருப்பிக் கட்ட வேண்டியது 55,844 கோடி. வாங்குகிற மூன்று ரூபாயில் ஒரு ரூபாய் பழைய அசலை அடைக்கப் போகிறது. ஒரு சீட்டை எடுத்து இன்னொரு சீட்டைக் கட்டுவது மாதிரி. ஆட்சி மாறினாலும் இது மாறவில்லை, ஆகவே இதை ஒரு கட்சியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது.

இவ்வளவு பணத்த யார் தர்றா? உலக வங்கியா?

உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி எல்லாம் சில திட்டங்களுக்குத் தருகின்றன, ஆனால் பெரும்பங்கு உள்நாட்டுக் கடன்தான். மாநிலங்களுக்காக ரிசர்வ் வங்கி வழக்கமாகச் செவ்வாய்க்கிழமைகளில் கடன் பத்திரங்களை ஏலம் விடுகிறது. வாங்குவது வங்கிகள், எல்ஐசி போன்ற காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதி அமைப்புகள். உங்கள் எல்ஐசி பாலிசிப் பணமும் பிஎஃப் பணமும் சுற்றி வந்து அரசாங்கத்துக்குக் கடனாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கடன் கொடுத்தவரும் நீங்கள், திருப்பிக் கட்டுகிறவரும் நீங்கள். எந்த மாநிலம் எவ்வளவு வாங்கியது, எத்தனை சதவீத வட்டிக்கு என்ற விவரத்தை ஒவ்வொரு ஏலத்துக்குப் பிறகும் ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் போடுகிறது. புதுச்சேரியும் அந்தப் பட்டியலில் வரும்.

புதுச்சேரி கணக்கு மட்டும் ஏன் இவ்வளவு குழப்பமா இருக்கு?

புதுச்சேரி மாநிலமும் இல்லை, சும்மா ஒரு யூனியன் பிரதேசமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1963-ஆம் ஆண்டு யூனியன் பிரதேசங்கள் ஆட்சிச் சட்டப்படி 30 பேரைத் தேர்ந்தெடுத்துச் சட்டப்பேரவைக்கு அனுப்புகிறோம், மத்திய அரசு மூன்று பேர் வரை நியமிக்கலாம், அந்த நியமனம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. பட்ஜெட்டைப் பேரவையில் வைக்கும் முன் தில்லியின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதல் இழுத்ததால்தான் மார்ச்சில் நாலைந்து மாதச் செலவுக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு, முழு பட்ஜெட்டை மழைக்காலம் நெருங்கும்போது போடுவதே இங்கே பல வருடப் பழக்கமாக இருந்தது. 2025-26க்கு முதலமைச்சர் ரங்கசாமி மார்ச்சிலேயே 13,600 கோடிக்கு முழு பட்ஜெட் போட்டார்.

கடன் கதையில் முக்கியமான மாதம் 2007 டிசம்பர். அதுவரை புதுச்சேரியின் கணக்கு மத்திய அரசின் கணக்கோடு சேர்ந்தே இருந்தது. அந்த மாதம் தனிக் கணக்கு திறந்து, இனி உன் கடனை நீயே சந்தையில் வாங்கிக்கொள் என்று தனிக்குடித்தனம் வைத்துவிட்டார்கள். பழைய கடனும் தலையில் வந்தது. அதைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று எந்தக் கட்சி முதலமைச்சர் வந்தாலும் தில்லியில் போய்க் கேட்கிறார்.

இதில் புதுச்சேரிக்கு ஒரு அநியாயம் இருக்கிறது, பிறந்தது கடலூராக இருந்தாலும் எனக்கே அதில் கோபம் உண்டு. நிதிக் குழு மத்திய வரியைப் பங்கு பிரிப்பது மாநிலங்களுக்கு மட்டும். புதுச்சேரி அந்தக் கணக்கில் வராது. மத்திய பட்ஜெட்டில் ஒரு தொகை ஒதுக்குவார்கள், 2025-26க்கு சுமார் 3,432 கோடி. அது கூடுவதும் குறைவதும் தில்லியின் மனசு. கடன் வாங்கும்போது மாநிலம் மாதிரி, வரிப் பங்கு கேட்கும்போது யூனியன் பிரதேசம். அதனால் புதுச்சேரிக்காரர் கடனைப் பற்றிக் கேட்க வேண்டியது மூன்று இடத்தில்: அமைச்சரவை, துணைநிலை ஆளுநர், மத்திய உள்துறை. ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார், ஆகவே எழுத்தில் கேளுங்கள்.

ஃபெஞ்சல் புயலுக்கு முள்ளோடைக்கு அந்தப் பக்கம் 5,000, இந்தப் பக்கம் 2,000. மழை ஒண்ணுதான, காசு மட்டும் ஏன் வேற?

2024 டிசம்பர் முழுக்க நான் பேருந்தில் கேட்ட ஒரே கேள்வி இதுதான். அந்தப் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தென்பெண்ணையில் சாத்தனூர் அணைத் தண்ணீர் சேர்ந்து வந்து கடலூர்ப் பக்கம் வீடுகளை மூழ்கடித்தது. புதுச்சேரி அரசு ரேஷன் அட்டைக்கு 5,000 அறிவித்தது, தமிழ்நாடு அரசு கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சியில் 2,000 அறிவித்தது. இரண்டு அரசு, இரண்டு பணப்பை, அவ்வளவுதான் காரணம்.

கூடக் கொடுத்தவர் நல்லவர், குறைத்துக் கொடுத்தவர் கெட்டவர் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். எந்த நிதியிலிருந்து வந்தது, பேரிடர் நிதியா, கடனா, வேறு எந்தத் துறையின் பணத்தை வெட்டினார்கள் என்று இரண்டு பக்கமும் கேட்கலாம். உங்கள் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது இதெல்லாம் தோன்றாது, எனக்கும் தோன்றவில்லை. தண்ணீர் வடிந்த பிறகாவது கேட்க வேண்டும்.

பட்ஜெட் புத்தகத்த நாங்க பார்க்க முடியுமா? பார்த்தா புரியுமா?

பார்க்கலாம். இரண்டு அரசின் நிதித்துறைகளும் இணையதளத்தில் போடுகின்றன. முழுவதையும் படிக்க வேண்டாம். வருவாய்ப் பற்றாக்குறை, நிதிப் பற்றாக்குறை (எல்லாச் செலவும் சேர்த்து, அந்த வருடம் கடன் வாங்கி நிரப்ப வேண்டிய பள்ளம்), வட்டிச் செலவு, நிலுவைக் கடன், இந்த நாலு வரியைத் தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று எண் இருக்கும்: போன வருடத்துக்கு முந்தைய வருடத்தின் உண்மைக் கணக்கு, போன வருடத்தின் திருத்திய மதிப்பீடு, இந்த வருடத்துக்கான மதிப்பீடு.

மூன்றாவது எண் வாக்குறுதி, முதல் எண்தான் நடந்தது. செய்திகளில் பெரும்பாலும் மூன்றாவதுதான் வரும். சாலைக்கு, குடிநீருக்கு என்று அறிவித்த தொகையை, இரண்டு வருடம் கழித்து அதே வரியின் உண்மைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் முதல்முறை இப்படி ஒப்பிட்டபோது இரவு பதினொன்று ஆகியும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

பட்ஜெட்டுல வராத கடனும் உண்டாமே?

உண்டு. மின்வாரியம், போக்குவரத்துக் கழகம் மாதிரி அரசு நிறுவனங்கள் தங்கள் பெயரில் கடன் வாங்கும், அரசு உத்தரவாதம் கொடுக்கும். உறவினருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவது போல. அவர் கட்டினால் பிரச்சினையில்லை, கட்டாவிட்டால் நம் தலையில் விடியும். கடன் அரசின் பெயரில் இல்லாததால் மேலே சொன்ன 26 சதவீதக் கணக்கில் இது முழுதாக வராது. இப்படிப் பட்ஜெட்டுக்கு வெளியே வாங்குவதையும் மாநிலத்தின் கடன் வரம்பில் சேர்ப்போம் என்று 2022-இல் மத்திய அரசு சொன்னது. கேரளா எதிர்த்து 2023-இல் உச்ச நீதிமன்றம் போனது, 2024 ஏப்ரலில் அது அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 1898-இல் தொடங்கிய ஏஎஃப்டி பஞ்சாலை அரசு நிறுவனமாக நஷ்டத்தில் ஓடி ஓடி 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. புதுச்சேரி அரசின் குடிமைப் பொருள் கழகமான பாப்ஸ்கோவின் ஊழியர்கள் சம்பள பாக்கிக்காகப் போராடியதை எல்லாரும் பார்த்தோம். அரசு நிறுவனங்கள் வருடக்கணக்கில் கணக்கை முடிக்காமல் வைத்திருப்பதைத் தணிக்கை அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கணக்கே முடிக்காத இடத்தில் நஷ்டம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

அந்தத் தணிக்கை அறிக்கை வந்து என்ன ஆகுது? யாராவது ஜெயிலுக்குப் போறாங்களா?

தணிக்கை அறிக்கையால் நேராக யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை. இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர், அதாவது சிஏஜி, தயாரிக்கும் அறிக்கை தமிழ்நாட்டில் ஆளுநருக்கும் புதுச்சேரியில் துணைநிலை ஆளுநருக்கும் போகும். அவர்கள் அதைப் பேரவையில் வைக்கச் செய்ய வேண்டும். பிறகு பொதுக் கணக்குக் குழு அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். கூட்டத்தொடரின் கடைசி நாளில், விவாதத்துக்கு நேரமில்லாதபோது வைத்துவிட்டுப் போவதுதான் இதில் உள்ள நோய்.

ஆனால் பேரவையில் வைத்த பிறகு அது சிஏஜி இணையதளத்தில் எல்லாருக்கும் கிடைக்கும். அதைப் படித்து நமக்குப் புரிகிற தமிழில் எழுத நிருபர்கள் இருந்தால் அறிக்கைக்கு உயிர் வரும், இல்லாவிட்டால் அலமாரியில் தூங்கும். இந்தப் பக்கத்தில் கடனையும் பத்திரிகையையும் நான் ஒன்றாக எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

ஆர்டிஐல கேக்கறதுன்னா எப்படி? கடலூருக்கும் பாண்டிக்கும் ஒரே மனுவா?

வெள்ளைத் தாளில் எழுதினால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, தகவல் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவே அப்படிச் சொல்கிறது. கட்டணம் 10 ரூபாய். கடலூர் என்றால் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் மத்திய அரசு விதிகள் பொருந்தும், போஸ்டல் ஆர்டர் எடுங்கள், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். ஆவணங்களை நேரில் பார்க்கவும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரம் இலவசம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. பதில் 30 நாளுக்குள் வர வேண்டும்.

“ஏன் சாலை போடவில்லை?” என்று கேட்டால் பதில் வராது, அது விளக்கம். “இந்தச் சாலைக்கான மதிப்பீட்டின் நகல் தருக” என்று கேட்டால் வரும், அது ஆவணம். இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கேட்டும் பதிலே வரலன்னா விட்டுடலாமா?

விடாதீர்கள். 30 நாள் தாண்டினால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு எழுதுங்கள். அங்கேயும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் இரண்டாவது மேல்முறையீடு. இங்கேதான் முள்ளோடை கோடு வருகிறது. கடலூர்க்காரருக்குச் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம், புதுச்சேரிக்காரருக்குத் தில்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையம். தில்லிக்குப் போக வேண்டியதில்லை, காணொலியிலேயே விசாரிப்பார்கள். காரணமில்லாமல் தராத அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் உண்டு. ஆணையங்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2025 நவம்பரில் ஒரு பின்னடைவு வந்தது. 2023-இல் நிறைவேற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் மூலம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றி, ‘தனிப்பட்ட விவரம்’ என்று சொல்லியே மறுப்பதை எளிதாக்கிவிட்டார்கள். ஒப்பந்ததாரர் பெயரைக் கேட்டால்கூட அதைக் காட்டி மறுக்கப் பார்ப்பார்கள். பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது, அதை மனுவிலேயே குறிப்பிடுங்கள்.

நிஜமாவே இதனால ஏதாச்சும் நடந்திருக்கா, சும்மா சொல்றீங்களா?

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், ஊரும் அலுவலகமும் வேண்டாம். தெரு வாய்க்கால் வேலை பற்றி மனு போட்ட ஒரு அம்மா, ஒரு நாள் பேருந்தில் பிரவுன் கவரைப் பிரித்து என் மடியில் வைத்தார். பதினோரு பக்கம். ஏழாவது பக்கம் எம்-புக், அதாவது வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகல், ஜெராக்ஸ் மங்கலாக இருந்தது. போனில் டார்ச் அடித்துப் பார்த்தோம். நீளம் 84 மீட்டர் என்று இருந்தது. அந்த அம்மாவும் மகனும் தச்சரிடம் டேப் வாங்கி அளந்தார்கள், 61 மீட்டர்.

உள்ளூர் நிருபர் ஒருவர் அதை ஒற்றைப் பத்திச் செய்தியாகப் போட்டார், படம்கூட இல்லை. அடுத்த வாரம் மூன்று பேர் டேப்போடு அந்தத் தெருவுக்கு வந்தார்கள். மீதி வாய்க்கால் பிறகு கட்டப்பட்டது. அந்த அம்மாவின் மனு ஆறு மாதமாக மேசை மேலேயே கிடந்தது, ஒரு பத்திச் செய்தி வந்ததும் டேப் வெளியே வந்தது.

அந்த நிருபர் மாதிரி எல்லாரும் எழுத வேண்டியதுதானே? ஏன் எழுத மாட்டேங்கிறாங்க?

அவர் நிலைமையையும் பாருங்கள். தாலுகா அளவில் வேலை செய்யும் பல நிருபர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்றுதான். தலைவர் பிறந்தநாளுக்கு விளம்பரம் பிடித்துத் தரவும் வேண்டும். யாரிடம் விளம்பரம் கேட்கிறாரோ அவரைப் பற்றியே மறுநாள் எழுத வேண்டும் என்றால் கை எப்படி வரும்? மேலே நிர்வாகத்துக்கும் அரசு விளம்பரம் பெரிய வருமானம், யாருக்குக் கொடுப்பது, யாருக்கு நிறுத்துவது என்பது அரசின் கையில். சிறையில் போடாமலே வாயை மூட வைக்கும் வழி இது. அரசு விளம்பரங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2015-இல் நெறிமுறை போட்டது. முதலமைச்சர், அமைச்சர் படமெல்லாம் போடக் கூடாது என்றார்கள், 2016-இல் அதையும் தளர்த்தினார்கள்.

விளம்பரத்துக்கு எவ்வளவு செலவானது, எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு போனது என்பதும் நம் வரிப்பணம். அதையும் மேலே சொன்ன மாதிரி மனுவில் கேட்கலாம். நான் தருகிற யோசனைகளில் இதைத்தான் மக்கள் கடைசியாகச் செய்கிறார்கள், முதலில் செய்ய வேண்டியது இது.

அரசாங்கம் மானநஷ்ட வழக்கு போட்டுடாதா?

போட்டிருக்கிறார்கள், நிறையவே. ஆனால் சட்டம் நாம் நினைப்பதைவிட நமக்குச் சாதகமாக இருக்கிறது. 1994-இல் நக்கீரன் இதழ் தொடர்பான ராஜகோபால் வழக்கில், ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிடவிடாமல் சிறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தபோது, உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வெளியிடும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை, அரசு என்ற அமைப்பு தனக்கு மானநஷ்டம் என்று நஷ்டஈடு கேட்க முடியாது, அதிகாரிகளின் அலுவல் நடத்தையைப் பற்றி எழுதியது பொய் என்றும், உண்மையைப் பற்றிய அக்கறையே இல்லாமல் எழுதியது என்றும் நிரூபித்தால்தான் அவர்கள் ஜெயிக்க முடியும்.

குற்றவியல் அவதூறு மட்டும் இன்னும் இருக்கிறது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு. தமிழ்நாடு அரசு பத்திரிகை ஆசிரியர்கள் மேல் போட்ட இப்படிப்பட்ட வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டு புதிய அரசு, பத்திரிகைகள் மேல் இருந்த 90 வழக்குகளைத் திரும்பப் பெற்றது. நல்லது. ஆனால் போட முடிந்தவர் திரும்பவும் போடலாம், சட்டம் அப்படியே இருக்கிறது.

பேரவை உரிமை மீறல்னு சொல்லி உள்ள தள்ளுவாங்களாமே?

நடந்திருக்கிறது. 1987-இல் ஆனந்த விகடன் அட்டைப்படத்தில் வந்த கேலிச்சித்திரத்துக்காக ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டப்பேரவை மூன்று மாதச் சிறை விதித்தது, எதிர்ப்பு கிளம்பி இரண்டு நாளில் விட்டார்கள். 2003-இல் ‘தி இந்து’ ஆசிரியர் குழுவினருக்குப் பதினைந்து நாள் சிறை என்றார்கள், உச்ச நீதிமன்றம் தடுத்தது. இந்த உரிமைகள் எவை எவை என்று இன்றுவரை சட்டமாக எழுதவில்லை. எழுதாத வரை கத்தி தொங்கிக்கொண்டேதான் இருக்கும்.

நான் பத்திரிகைக்காரன் இல்ல. ஃபேஸ்புக்ல எழுதினா போலீஸ் வருமா?

புதுச்சேரிக்கே இதில் ஒரு பங்கு உண்டு. 2012 அக்டோபரில், அப்போதைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காக இங்குள்ள ஒரு சிறு தொழிலதிபரைப் போலீஸ் கைது செய்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. அந்தப் பிரிவையே உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. அரசைப் பற்றிய செய்தி பொய்யா என்று அரசே முடிவு செய்யும் உண்மை சரிபார்ப்புப் பிரிவை 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. ஆக, கதவு முழுக்க அடைபடவில்லை.

எழுதும்போது என் பழக்கத்தைச் சொல்கிறேன். ஆவணத்தில் உள்ள எண்ணை அப்படியே போடுவேன், பக்கத்தைப் படமெடுத்துச் சேர்ப்பேன். “84 என்று எழுதியிருக்கிறது, அளந்தால் 61 வருகிறது, ஏன்?” என்று நிறுத்திக்கொள்வேன். “இன்னார் தின்றுவிட்டார்” என்று எழுத மாட்டேன், அது எனக்குத் தெரியாது. வந்த வாட்ஸ்அப் படத்தை ஆராயாமல் அனுப்பவும் மாட்டேன்.

வெள்ளைக்காரன் காலத்துலயே இப்படித்தானா?

பாரதியாரைவிட நல்ல உதாரணம் நம் ஊருக்கு வேண்டுமா? 1908-இல் ‘இந்தியா’ பத்திரிகை மேல் பிரிட்டிஷ் அரசு பாய்ந்ததும் அவர் பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு வந்து அங்கிருந்து நடத்தினார். பிரிட்டிஷ் பகுதிக்குள் பத்திரிகை போகாமல் தடுத்தார்கள், 1910-இல் அது நின்றே போனது. பத்து வருடம் கழித்து 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கைது செய்து கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். நான் தினமும் டிக்கெட் எடுத்துப் போய் வருகிற அதே கடலூர்–புதுச்சேரி எல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் முதல் பெரிய பத்திரிகைத் தடை வழக்கு நம் பக்கம்தான், ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழை அன்றைய சென்னை மாநில அரசு தடை செய்தது, 1950-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பின் 2025 பட்டியலில் 180 நாடுகளில் இந்தியா 151-ஆவது இடம். 2023-இல் 161 ஆக இருந்தது. முன்னேற்றம் என்று சொல்லிக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

எங்க வார்டுக்குக் கவுன்சிலரே இல்ல மேடம். யாரைப் போய்க் கேக்குறது?

இதைக் கேட்பவர் கண்டிப்பாகப் புதுச்சேரிக்காரர். அங்கே உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் நடந்தது. 2011-இல் பதவிக்காலம் முடிந்தது, அதோடு நின்றுவிட்டது. ஐந்து நகராட்சி, கிராமப் பகுதிகளுக்கான பத்து கொம்யூன் பஞ்சாயத்து, எல்லாவற்றையும் அதிகாரிகளே பார்க்கிறார்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கவுன்சிலர் என்றால் என்னவென்று தெரியாமலே ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிட்டார்கள். கேட்க வேண்டிய ஆளையே இல்லாமல் செய்தது எல்லாக் கட்சிகளும் சேர்ந்து செய்த தவறு.

கடலூர் மாவட்டக் கிராமத்துக்காரர்களுக்குக் கிராம சபை இருக்கிறது, வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவை அங்கே வாசிக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கேள்வியை எழுதச் சொல்லுங்கள், எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்க வந்தால் போடாதீர்கள்.

சரிக்கா, முதல் மனுல என்ன எழுதட்டும்? நீங்களே சொல்லுங்க.

பெரிய கடனிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், உங்கள் தெருவிலிருந்து ஆரம்பியுங்கள். இப்படி எழுதுங்கள்: “2024-25 நிதியாண்டில் எங்கள் வார்டில் இன்ன தெருவில் செய்யப்பட்ட பணிகளின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைத் தருக. அந்தப் பணிகளுக்கான தொகை எந்தத் திட்டத்தில், எந்தக் கணக்குத் தலைப்பில் வழங்கப்பட்டது, அதில் மானியம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்ற ஆவணத்தின் நகலைத் தருக.” கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். உங்கள் வாசலில் ஓடும் வாய்க்காலுக்கும் அந்த 9,29,959 கோடிக்கும் உள்ள நூல் அந்த வரியில்தான் இருக்கிறது.

கடலூர் என்றால் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு, புதுச்சேரி என்றால் உங்கள் நகராட்சி அல்லது கொம்யூன் பஞ்சாயத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு. ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை மனுவின் நகலோடு பின் அடித்து வையுங்கள். அனுப்பிய தேதியை நாட்காட்டியில் குறித்து, முப்பதாவது நாளையும் வட்டமிடுங்கள். பதில் கவர் வந்ததும் எடுத்துக்கொண்டு வாருங்கள், காலை எட்டு பத்து வண்டியில் பெரும்பாலும் இடது பக்கம் மூன்றாவது வரிசையில் இருப்பேன், டேப் என் பையிலேயே இருக்கிறது.